சர்வர் கேட்காத ரெப்போ

திருவனந்தபுரத்தின் கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகள் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பேசும்போது ஒன்று என்னை உறுத்துகிறது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ மென்பொருளும், அந்தப் பதிவுகளை இணையத்தில் வைக்கும் ‘கிட்ஹப்’ தளமும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். ரயிலில் சிக்னல் போனால், கமிட் போட வழியில்லை என்று லேப்டாப்பை மூடிவிடுகிறார்கள்.

மூட வேண்டியதே இல்லை. புராஜெக்ட் போல்டருக்குள் போய் ‘கிட் இனிட்’ என்று அடித்தால் ரெப்போ, அதாவது பதிவுகளின் களஞ்சியம், தயார். அது சர்வரும் கேட்காது, பாஸ்வேர்டும் கேட்காது. புள்ளியில் தொடங்கும் பெயரோடு மறைவாக ஒரு ‘கிட்’ போல்டர் உருவாகும். மொத்த வரலாறும் அதற்குள்தான். ‘கிட் ஆட்’ கொடுத்துக் கோப்புகளைச் சேர்த்து ‘கிட் கமிட்’ போட்டால், அந்த நேரத்து நிலை பதிவாகிவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட அடையாளம் ஒன்று உண்டு. வழக்கமாக 40 குறிகள். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த அடையாளம் வேறாகிவிடும்.

கிட்டுக்கு முந்தைய சிவிஎஸ், சப்வெர்ஷன் காலத்தில் வரலாறு ஒரு சர்வரில் இருக்கும். நம் கையில் நடப்புப் பிரதி மட்டும். லினக்ஸ் கெர்னலின் வரலாற்றைக் காக்க 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருள் உதவியது. 2005-இல் அதன் இலவச அனுமதி பறிபோனது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரலிலேயே கிட்டை எழுதத் தொடங்கினார்; 7-ஆம் தேதியே கிட்டின் நிரலைக் கிட்டே காத்துவந்தது. அடுத்தவர் தயவில் வரலாற்றை வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

நம் கருவி நம் கையில் இருக்க வேண்டும் என்ற இந்த நியாயம் திருவனந்தபுரத்துக்குப் புதிதல்ல. 2001 ஜூலையில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்திருக்க, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியச் சகோதர அமைப்பு தொடங்கியது இங்கேதான். ‘சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ குழு தமிழுக்கென்றே ‘மீரா இனிமை’ என்ற எழுத்துருவைக் கட்டற்றதாகத் தந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நம் மொழிக்குச் செய்த அந்தக் கொடையை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

சொந்த லேப்டாப்பில் கிட்டைத் தொடங்குபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள கோப்பை, முதல் கமிட்டுக்கு முன்பே, புள்ளியில் தொடங்கும் ‘கிட்இக்னோர்’ பட்டியலில் எழுதிவிடுங்கள். ஒருமுறை பதிவானபின் கோப்பை அழித்தாலும் பழைய கமிட்டில் அது இருந்துகொண்டே இருக்கும். அடுத்தது, ஹார்டு டிஸ்க் போனால் ரெப்போவும் போச்சு. பென்டிரைவில் ‘கிட் இனிட்’டோடு, முன்னால் இரண்டு கோடுகள் போட்ட ‘பேர்’ சேர்த்து ஒரு வெற்று ரெப்போ போட்டு, அதையே ரிமோட்டாகக் காட்டுங்கள். சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பும் முன் ஒரு ‘புஷ்’. பென்டிரைவை மேசை டிராயரில் விட்டுவிட்டு லேப்டாப்போடு ஊருக்குப் போகலாம்.