கடல்நீர் மீன்தொட்டியில் வெண்புள்ளி நோய்

பாலக்காட்டின் கிழக்கெல்லையிலுள்ள சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களும், இடுக்கி மலைமீதமைந்த மூணாறு, தேவிகுளம் பகுதிகளும் கடலுக்குத் தொலைவானவை. ஆயினும், செயற்கைக் கடலுப்புக் கலவை விலைக்குக் கிடைப்பதால், இத்தகைய இடங்களிலும் வீட்டிலோ பள்ளியிலோ கடல்மீன் வளர்த்தல் இயல்வதாயிற்று. 1947-ல் நிறுவப்பெற்று, 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்து, பின்னர்க் கொச்சிக்கு மாறிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனம்பெருக்கிக் குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கியுள்ளது. ஆதலின், கடலினின்று பிடித்த மீனை நாடவேண்டிய தேவை குறைந்துள்ளது. எனினும், இவ்வாறு வளர்ப்போர் பலரை முதலாண்டிலேயே மனந்தளரச் செய்வது ஒரு நோயேயாகும்.

புதிய மீனொன்றைத் தொட்டியில் விட்ட சில நாட்களில், மீன்கள் கற்களில் உடலை உராய்கின்றன. செவுள்கள் விரைந்து அசைகின்றன. பின்னர்த் துடுப்புகளிலும் உடலிலும் பொடியுப்பைத் தூவினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. மூன்று முதல் ஏழு நாட்களுக்குள் இப்புள்ளிகள் தாமாகவே மறைகின்றன. உரிமையாளர் தாம் இட்ட மருந்து பலித்ததென மகிழ்ந்து சிகிச்சையை நிறுத்துகின்றார். சின்னாட்களில் புள்ளிகள் முன்னினும் பன்மடங்காகத் திரும்புகின்றன, மீன்கள் மடிகின்றன. புள்ளி மறைந்தது நோய் தீர்ந்ததனால் அன்று. ஒட்டுண்ணி தன் வாழ்வின் அடுத்த நிலைக்குச் சென்றதனாலேயே ஆகும்.

இந்நோய்க்குக் காரணமான உயிர், குற்றிழைகளால் இயங்கும் ஓரணு உயிரி. ஜப்பானில் சிகாமா என்பார் 1937-ல் இந்நோயை விவரித்தார். 1951-ல் பிரௌன் என்பார் இவ்வுயிரிக்குக் கிரிப்டோகேரியான் இர்ரிடன்ஸ் எனப் பெயரிட்டார். நன்னீர் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோயை இது பெரிதும் ஒத்திருப்பினும், அந்நோயின் உயிரி வேறு. கடல்நீரில் அது வாழாது.

இதன் வாழ்க்கைச் சுற்றை அறியாது மருந்திடுதல் வீண். மீனின் தோலுக்கடியிலும் செவுளிலும் புதைந்து, அதன் திசுக்களை உண்டு வளர்வது முதல் நிலை. வளர்ந்தபின் மீனைவிட்டு நீங்கி, சில மணி நேரம் ஊர்ந்து, மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கடினமான உறையொன்றை அமைத்துக்கொள்கிறது. உறையினுள்ளே அது பலமுறை பிளந்து இருநூறு குஞ்சுகள் வரையில் உண்டாகின்றன. ஒரே நாளில் ஒட்டிக்கொண்ட உறைகளும் ஒரே நாளில் வெடிப்பதில்லை. பெரும்பாலானவை ஒரு வாரத்தை ஒட்டியும், சில பல வாரங்கள் கழித்தும் வெடிக்கின்றன; எழுபத்திரண்டு நாட்கள் வரை தாமதித்தவையும் பதிவாகியுள்ளன. வெளிவந்த நீந்தும் குஞ்சு, ஏறத்தாழ ஒரு நாளுக்குள் மீனொன்றை அடையாவிடில் மடியும்.

மீனுள் புதைந்ததையும் உறைக்குள் இருப்பதையும் மருந்து எட்டுவதில்லை. நீந்தும் நிலை ஒன்றே அதற்கு அகப்படும். ஆகவே, உறைகள் யாவும் வெடித்துத் தீரும்வரை மருந்து நீரில் இடையறாது இருத்தல் வேண்டும்.

தாமிரமே நெடுநாளாகக் கையாளப்பெறும் மருந்து. ஏலத்தோட்டங்களில் போர்டோக் கலவை தயாரிக்கும் பணியாளர்க்கு மயில்துத்தம் புதியதன்று. இங்கு அச்சமும் அதுவே. ஒரு லிட்டர் நீருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை தாமிரம் இருந்தாற் போதும். மயில்துத்தத்தின் எடையில் கால் பங்கே தாமிரமாதலின், நூறு லிட்டருக்கு வேண்டுவது சுமார் 80 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் பன்னிரண்டில் ஒரு பங்கிற்கும் குறைவு. தோட்டத்தில் அள்ளுவதுபோல் கரண்டியால் அள்ளியிட்டால் நோய்க்கு முன் மருந்தே மீனைக் கொன்றுவிடும். தோட்டத்திற்கான சரக்கையும் தவிர்த்து, மீனுக்கென விற்கப்படும் தாமிரக் கரைசலை அதன் குறிப்பின்படி பயன்படுத்துவதே நன்று. பவளமணலும் சுண்ணக்கல்லும் தாமிரத்தை ஈர்த்துக்கொள்ளும். ஆதலால் வெறுந்தொட்டியில் சிகிச்சை செய்து, சோதனைப் பெட்டியால் நாள்தோறும் அளந்து, மூன்று வாரங்களுக்குக் குறையாது நிலைநிறுத்த வேண்டும். இறால், நத்தை, கடல்தாமரை ஆகியவை தாமிரத்தால் மடியும். அவை மீனின்றிப் பெருந்தொட்டியிலேயே இருக்கட்டும். ஒட்டுண்ணிக்கு வேண்டிய மீன் அங்கு இன்மையால், சுமார் பதினொரு வாரங்களில் அத்தொட்டியும் தூயதாகும்.

தாமிரத்தை அஞ்சுவோர்க்கு வேறொரு வழியுண்டு. இரண்டு வாளிகளோ சிறு தொட்டிகளோ போதும். மூன்று நாட்களுக்கொருமுறை மீனைப் புதிய கடல்நீர் கொண்ட மற்றொரு கலத்திற்கு மாற்றி, பழையதைக் கழுவி நன்கு உலர்த்த வேண்டும். நான்கு முறை மாற்றுவதற்குள், மீனைவிட்டு நீங்கியவை அனைத்தும் வெடிப்பதற்கு முன்னரே பின்தங்கி உலர்ந்துவிடும். உழைப்பு மிகுதியாயினும், பள்ளிகளுக்கு இதுவே ஏற்றதெனத் தோன்றுகிறது. மாணவர்க்கு வாழ்க்கைச் சுற்றும் நேரே விளங்கும். உப்பின் அளவை ஆயிரத்துக்குப் பதினைந்து பங்காகக் குறைத்து மூன்று வாரங்கள் வைப்பதும் ஒரு முறையே. ஆனால் துல்லியமான உப்புமானி இன்றி இதில் இறங்கலாகாது.

இடத்தின் உஷ்ணநிலையும் கருதத்தக்கது. மூணாற்றில் மார்கழி, தை மாதங்களில் நீர் குளிர்ந்தால் ஒட்டுண்ணியின் சுற்று நீளுகிறது. மேற்கூறிய நாட்கணக்கு பொய்க்கும். வெப்பமூட்டியால் நீரை 26, 27 பாகையில் வைத்தே நாட்களை எண்ண வேண்டும். கடல்மட்டத்திற்கு ஆயிரத்தைந்நூறு மீட்டர் மேலே காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவாதலால், நீரிற் கரையும் பிராணவாயுவும் அவ்வளவுக்குக் குறையும். பாலக்காட்டுக் கோடையில் நீர் சூடேறுவதாலும் இதே குறை நேரும். செவுள் புண்பட்ட மீனுக்கு இரண்டிடத்தும் காற்றுக்குழாய் இன்றியமையாதது.

புள்ளிகள் உப்புப்போலன்றி மிக நுண்ணிய பொன்னிறத் தூசிபோல் காணின், அது அமைலூடினியம் என்னும் வேறோர் ஒட்டுண்ணி. அது சில நாட்களிலேயே கொல்லும். உப்பைக் குறைத்தல் அதற்குப் பயன்படாது. தாமிரத்தை உடனே தொடங்க வேண்டும்.

சமையலுப்பைக் கரைத்தால் கடல்நீராகுமென்று எண்ணுவோரும் உளர். அதில் மக்னீசியம், சுண்ணாம்பு முதலியன வேண்டுமளவு இல்லை. அந்நீரில் மீன் வாடுவதை ஒட்டுண்ணியின் வேலையெனக் கருதி மருந்திடுவது தவறு.

புதிய மீன் எதுவாயினும் ஆறு வாரம் தனித்தொட்டியில் இருந்தபின்னரே பழையவற்றுடன் சேரட்டும். அத்தொட்டியின் வலையும் குழாயும் பெருந்தொட்டியிற் படலாகாது. ஈரத்துளியில் நீந்தும் குஞ்சுகள் கடந்துவிடும். சிகிச்சை முடிந்த தாமிர நீரை ஓடையிலோ குளத்திலோ வயல் வாய்க்காலிலோ கொட்டுதல் கூடாது. மிகச் சிறிதளவு தாமிரமும் நன்னீர் நத்தைகளையும் மீன்குஞ்சுகளையும் கொல்லவல்லது.