ஊர்ப் பணமும் பெண்டிர் கையொப்பமும்

வடசென்னை மூலக்கொத்தளத்தில், தாளமுத்து, நடராசன் ஆகியோரின் நினைவிடத்தருகே டாக்டர் தருமாம்பாள் அம்மையாரின் நினைவிடமும் இருக்கிறது. 1938-இல் சென்னையில் பெண்கள் மாநாடு கூட்ட உழைத்து, மொழிப் போரில் சிறையும் சென்றவர் அவர். சிறைக்குச் செல்லப் பெண்களை அழைத்த நம் சமூகம், ஊர்ப் பணத்தைப் பங்கிடும் மன்றத்திற்கு அவர்களை அழைக்க வெகுகாலம் தயங்கிற்று.

சென்னை மாநகராட்சி தோன்றியது 1688-இல். அதன் மேயராக வீற்றிருந்த பெண்கள் தாரா செரியன் (1949), காமாட்சி ஜெயராமன் (1971), பிரியா (2022) ஆகிய மூவரே. மூன்றாமவர் வடசென்னையின் திரு.வி.க. நகர்ப் பகுதியில் 74-ஆவது வட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1992-ஆம் ஆண்டு அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கின. தமிழகம் 2016-இல் அதைச் சரிபாதியாக்கியது.

இதனால் பணம் செல்லும் வழி மாறுகிறதா? மேற்கு வங்காளத்திலும் ராஜஸ்தானத்திலும் பஞ்சாயத்துகளை ஆராய்ந்து, சட்டோபாத்யாய, எஸ்தர் டஃப்ளோ ஆகிய பொருளியல் அறிஞர் இருவர் 2004-இல் விடை கண்டனர். பெண் தலைமை ஒதுக்கப்பட்ட ஊர்களில், இரு மாநிலங்களிலும் குடிநீருக்கு அதிகம் செலவாயிற்று. நீர் சுமப்பவர் யார் என்று எண்ணினால் இதில் வியப்பில்லை. சாலை விஷயமோ வேறு. வங்காளத்தில் சாலைச் செலவு கூடிற்று, ராஜஸ்தானத்தில் குறைந்தது. அந்தந்த ஊர்ப் பெண்கள் முறையிட்ட குறைகளை ஒட்டியே செலவும் சென்றது. ஆகவே பெண்கள் எல்லா ஊரிலும் ஒன்றையே கேட்பர் என்று நாம் கருதலாகாது.

ஆனால் நாற்காலியில் மனைவி, கணக்கில் கணவர் என்னும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அங்கே ஒதுக்கீடு வெறும் பெயரளவே. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உள்ள காலத்தில், கிராமப் பஞ்சாயத்துக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் கூட்டாகக் கையொப்பமிடுவது தமிழக முறை. தொகை எழுதாத காசோலையில் கையொப்பமிட்டு வைப்பது, களஞ்சியச் சாவியை வழிப்போக்கனிடம் தருவதற்கு ஒப்பாகும். மின்னணுக் கையொப்பக் கருவியையும் அவ்வாறே பிறர் கையில் விடலாகாது. பின்னர் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் கையொப்பத்திற்கு உரியவரே.

ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. வரவு செலவு வாசிக்கப்படும்போது, எத்தெருவில் எத்தனை அடி குழாய் போட்டனர், யார் அளந்தனர் என்றும் பெண்கள் கேட்கலாம். களையெடுப்பும் நாற்று நடவும் உள்ள பருவத்தில் அவர்கள் வந்து சேரக்கூடிய வேளையாகப் பார்த்துக் கூட்டத்தை வைப்பது தலைவரின் பொறுப்பு.