பெட்டியில் இல்லாத வீரர்

சதுரங்கப் பலகையை நீங்கள் அறிவீர்கள். சதுரங்கம் என்னும் சொல்லுக்கு நான்கு உறுப்புகளை உடையது என்பது பொருள். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையே அச்சொல் குறித்தது. பலகையில் நிற்கும் எட்டுக் காலாள்களும் ஒரே வடிவினர். அவர்களுக்கு முகம் இல்லை. ஒருவர் வெட்டுப்பட்டால் அவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

அப்போர்விளையாட்டின் மற்றொரு கிளையில் காலாளுக்கு முகமும் உடையும் கருவியும் உண்டு. அது மேசைப் போர்விளையாட்டு எனப்படும். பெரிய மேசையொன்றில் துணியை விரித்து, அதன்மேல் குன்று, ஆறு, பாலம், வீடு முதலியவற்றைச் சிறு உருவில் அமைப்பர். இருபுறமும் விரல்நுனி அளவுள்ள வீரர்கள் அணிவகுத்து நிற்பர். ஒரு வீரர் ஒரு முறையில் எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதை அளவு நாடா கூறும். அவருடைய குண்டு இலக்கைத் தாக்கியதா என்பதைப் பகடை கூறும்.

இக்கிளை தோன்றிய இடம் ஜெர்மானிய நாடுகள். 1780ஆம் ஆண்டு பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் என்னும் கணித ஆசிரியர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் கொண்ட பலகையில் ஆடும் போர்ச் சதுரங்கத்தை வெளியிட்டார். 1812இல் ரைஸ்விட்ஸ் என்பவர் கட்டங்களை நீக்கி, நிலத்தோற்றத்தையே மேசையில் அமைத்துப் பிரஷ்ய மன்னருக்குக் காட்டினார். அவருடைய மகன் 1824இல் அதற்கு விரிவான விதிகளை வகுத்தார். பிரஷ்யப் படை அதிகாரிகள் அதனைப் பயிற்சியாகவே மேற்கொண்டனர். பொதுமக்களின் பொழுதுபோக்காக இதனை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். ஈய வீரர்களையும், மரத்துண்டை எய்யும் சுருள்வில் பீரங்கியையும் கொண்டு ஆடுவதற்கான விதிகளை 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலாக அவர் வெளியிட்டார். வெல்ஸ் போரை வெறுத்தவர். மேசையில் ஆடிப் பார்த்தால் உண்மைப் போர் எத்துணை அறிவற்றது என்பது விளங்கும் என்று அந்நூலின் முடிவில் அவர் கூறினார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் தொடங்கியது.

இன்று இவ்வீரர்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் செய்யப்படுகின்றனர். பரவலாக வழங்கும் அளவுகளுள் ஒன்று எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அதாவது, 180 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் இவ்வளவில் இரண்டரை சென்டிமீட்டர் உயரமே இருப்பார். கடையில் ஒரு பெட்டி வாங்கினால் ஏறத்தாழ நாற்பது ஐம்பது வீரர்கள் ஒரே நிறப் பிளாஸ்டிக்கில் கிடைப்பர். அவர்களுக்கு வண்ணம் தீட்டுவது வாங்கியவரின் வேலை. சிலர் அத்துடன் நில்லாமல், ஒரு வீரரின் கையை வெட்டி மற்றொருவருக்குப் பொருத்துவர், தொப்பியை மாற்றுவர், துப்பாக்கியை அகற்றி வேறு கருவியைக் கொடுப்பர். இதனை உருமாற்றம் என்று அழைக்கலாம்.

உருமாற்றம் ஏன் தேவைப்படுகிறது? பெட்டியில் எல்லாரும் இல்லை என்பதே காரணம். இரண்டாம் உலகப் போரை எடுத்துக்கொள்வோம். அப்போரில் இந்தியப் படையில் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் இருந்தனர். அவர்கள் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் போரிட்டனர். ஆயினும் கடைகளில் அடுக்கப்பட்டுள்ள பெட்டிகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ், அமெரிக்க, ஜெர்மானிய வீரர்களையே காண்கிறோம். அதிலும் துப்பாக்கி ஏந்திப் பாய்பவர்களே மிகுதி. பாலம் கட்டியவரும் பாதை அமைத்தவரும் அரிதாகவே தென்படுவர்.

அத்தகைய வீரர்களின் படைப்பிரிவு ஒன்று தமிழருடன் நெருங்கிய தொடர்புடையது. 1780இல் சென்னையில் தொடங்கப்பட்ட அப்படைப்பிரிவை இன்று 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' என்று அழைக்கிறோம். அதன் தலைமையிடம் பெங்களூரு. பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், தடைகளைத் தகர்த்தல், கண்ணிவெடிகளை அகற்றுதல் ஆகியவை சாப்பர்களின் பணிகள். தென்னிந்தியர் பணிபுரியும் இப்பிரிவின் வீரர்களை மற்றப் படையினர் 'தம்பி' என்றே அழைப்பது வழக்கம். முள்கம்பி வேலியைத் தகர்க்க உதவும் 'பெங்களூர் டார்பிடோ' என்னும் நீண்ட வெடிகுழாயை 1912இல் இப்பிரிவின் அதிகாரி மெக்லின்டாக் உருவாக்கினார்.

1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோ என்னும் ஊருக்கு அருகில் இப்பிரிவைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், கண்ணிவெடி அகற்றும் குழுவொன்றை நடத்திச் சென்றார். குழுவில் ஒருவரின் கால்பட்டுக் கண்ணிவெடி ஒன்று செயற்படத் தொடங்கியது. சுப்பிரமணியன் அதன்மேல் பாய்ந்து தம் உடலால் அதனை மூடினார். மற்றவர்கள் பிழைத்தனர்; அவர் உயிர்துறந்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்னும் உயரிய விருது, மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

அக்குழுவை மேசைமேல் கொண்டுவர விரும்புவோம். பெட்டியில் அவர்கள் இல்லை. ஆகவே உருவாக்க வேண்டும். கத்தியை எடுப்பதற்கு முன் கேள்விகள் எழுகின்றன. அவர்கள் என்ன உடுத்தியிருந்தனர்? கையில் என்ன இருந்தது? யார் முன்னே நடந்தார்?

இந்திய வீரர் என்றவுடன் பலர் தலைப்பாகையை ஒட்டிவிடுகின்றனர். சீக்கிய வீரர்கள் போர்க்களத்திலும் தலைப்பாகையே அணிந்தனர் என்பது உண்மை. எல்லா இந்திய வீரர்களும் அவ்வாறு அணியவில்லை. மற்றப் பிரிவினர் பலர் பிரிட்டிஷ் வீரரைப் போலவே அகன்ற விளிம்புள்ள எஃகுத் தொப்பியும் தடித்த கம்பளிச் சீருடையும் அணிந்து இத்தாலியின் குளிரில் பணிபுரிந்தனர். ஆகவே நம் சாப்பருக்குப் பிரிட்டிஷ் காலாளின் உருவமே பொருந்தும். தலையில் மாற்றமில்லை, கையில்தான் மாற்றம்.

கண்ணிவெடியைத் தேடும் கருவி, நீண்ட கோலின் முனையில் பொருத்திய தட்டு. அதன் அடியில் உலோகம் இருந்தால் காதில் மாட்டிய கேட்பொறியில் ஓசை மாறும். போலந்து நாட்டுப் பொறியாளர் கொசாட்ஸ்கி வடிவமைத்த இத்தகைய கருவியைப் பிரிட்டிஷ் படைகள் அப்போரில் பயன்படுத்தின. ஜெர்மானியர் மரப்பெட்டியாலான கண்ணிவெடிகளையும் புதைத்திருந்தனர். அவற்றில் உலோகம் மிகக் குறைவு, கருவி ஏமாந்துவிடும். அதனால் மற்றொருவர் தரையில் படுத்துத் துப்பாக்கிமுனைக் கத்தியைச் சாய்வாகச் செருகி, அங்குலம் அங்குலமாக மண்ணைத் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. வேறொருவர் பாதுகாப்பான வழியின் இருபுறமும் வெள்ளை நாடாவை விரித்துச் செல்வார்.

இனிக் கத்தியை எடுக்கலாம். வெட்டும் வேலையைப் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டும் செய்க. துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்து நடக்கும் வீரரைத் தேர்ந்தெடுத்து, இரு கைகளுக்கும் வெளியே நீண்டிருக்கும் துப்பாக்கிப் பகுதியை நறுக்கிவிடுக. அவ்விடத்தில் ஈர்க்குச்சியின் மெல்லிய நுனியை ஒட்டினால் அது கருவியின் கோல் ஆகும். காகிதம் துளைக்கும் கருவியால் பழைய பிளாஸ்டிக் அட்டையில் ஒரு வட்டம் வெட்டி, ஓரங்களைச் சற்றுக் குறைத்துக் கோலின் முனையில் பொருத்துக. காதுக் கேட்பொறிக்கும் முதுகுப் பெட்டிக்கும் குழாய் ஒழுகலை அடைக்கும் எம்-சீல் போதுமானது. அதன் இரு பகுதிகளையும் சேர்த்துப் பிசைந்தால் களிமண்போல் வளையும். இறுகிய பின் கல்லாகிவிடும். விரலில் ஒட்டாதிருக்க நீரைத் தொட்டுக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுக் கலைஞர் இதற்கென்றே நீலமும் மஞ்சளுமான இரு பட்டைகளைப் பிசைந்து பச்சைக் களியாக்கிப் பயன்படுத்துகின்றனர். நமக்கு வன்பொருள் கடையில் கிடைப்பதே போதும்.

படுத்துச் சுடும் வீரர் பல பெட்டிகளில் இருப்பார். அவருடைய துப்பாக்கியை அகற்றிக் குண்டூசியின் ஒரு துண்டைக் கையில் செருகினால் மண்ணைத் தடவிப் பார்ப்பவர் ஆகிவிடுவார். கைநீட்டிக் கட்டளையிடும் அதிகாரியும் பெரும்பாலும் இருப்பார். அவருடைய கைத்துப்பாக்கியை மட்டும் வெட்டிவிட்டால், அவரே குழுவை நடத்தும் சுபேதார்.

வண்ணம் தீட்டுவதற்கு முன் வீரர்களைச் சோப்பு நீரில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து எளிதில் பிரிவதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை அவர்கள்மீது இருந்தால் வண்ணம் ஒட்டாது. வளையும் பிளாஸ்டிக்காக இருந்தால், நீர் கலந்த ஃபெவிகாலை ஒருமுறை பூசி உலரவிடுவது நல்லது. பின்னரே அக்ரிலிக் வண்ணம். போஸ்டர் வண்ணம் கைபட்டால் அழிந்துவிடும்.

சீருடைக்குக் காக்கி. இச்சொல் புழுதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஆனால் காவலர் அணியும் காக்கியை நினைத்துக்கொண்டு தீட்டினால் தவறாகும். இத்தாலியில் அணிந்த கம்பளிச் சீருடை அதனினும் பழுப்பானது. வண்ணத்தை எப்போதும் நீர்கலந்து மெல்லியதாகப் பூசுக. தடித்த ஒரு பூச்சு, மடிப்புகளையும் பொத்தான்களையும் மூடிவிடும். மெல்லிய இரு பூச்சுகள் மூடா. அது உலர்ந்ததும், மிகுதியாக நீர்கலந்த கரும்பழுப்பை மேலே ஓடவிட்டால் அது மடிப்புகளில் தங்கி நிழலாகும். இறுதியில், தூரிகையை வெளிர் வண்ணத்தில் தோய்த்து, அதனைத் துணியில் நன்கு துடைத்துவிட்டு, உருவத்தின் மேடான பகுதிகளை இலேசாகத் தடவுக. முழங்காலும் தோளும் ஒளிபெறும். இவ்வளவு சிறிய உருவத்தில் இயற்கை வெளிச்சம் போதிய நிழலைத் தராது. அதனால் நிழலையும் ஒளியையும் நாமே தீட்டவேண்டியுள்ளது.

எல்லாவற்றினும் கடினமானது முகம். அதற்குக் காரணம் அளவு மட்டுமன்று. வண்ணப் பெட்டியில் தோல்நிறம் என்று எதனை அழைக்கிறோம்? வகுப்பில் ஒருவரிடம் அந்த நிறத்தைக் கேட்டால், இளஞ்சிவப்பு கலந்த வெளிர் நிறத்தையே எடுத்துக் கொடுப்பார். கொடுப்பவரின் கையும் வாங்குபவரின் கையும் அந்நிறத்தில் இரா. அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் இதே நிறத்துக்கு இட்டிருந்த சதைநிறம் என்னும் பெயரை 1962இல் பீச் என்று மாற்றியது. நம் பேச்சில் மட்டும் அவ்வழக்கு இன்னும் நீங்கவில்லை. பொம்மை வீரருக்கான வண்ணக் குப்பிகளிலும் நெடுங்காலம் அதுவே சதைநிறமாக விற்கப்பட்டது. பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து அதனைப் பூசினால், நாம் இவ்வளவு பாடுபட்டு உருவாக்கிய சாப்பர் மீண்டும் பிரிட்டிஷ் வீரராகிவிடுவார். உருமாற்றத்தின் பெரும்பகுதி இந்த ஒரு துளி வண்ணத்தில்தான் உள்ளது.

ஆகவே குப்பியை நாடாமல் கலந்து பார்க்க வேண்டும். அடர்பழுப்புடன் காவிமஞ்சளைச் சேர்த்து ஒரு தாளில் தீட்டி, உங்கள் கையருகே வைத்து நோக்குக. வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் கையருகிலும் வைத்து நோக்குக. ஒரே கலவை எல்லாருக்கும் பொருந்தாது. குழுவில் நால்வர் இருந்தால் நான்கு கலவைகள் வேண்டும். நிழலுக்குக் கருமையைச் சேர்த்தால் முகம் சாம்பல் படிந்ததுபோல் ஆகிவிடும். செம்பழுப்பைச் சேர்த்தால் உயிர்பெறும். மூக்கின் முனை, கன்ன எலும்பு, விரல்முட்டிகள் ஆகியவற்றில் சற்று வெளிரிய கலவையைத் தொட்டு வைக்கலாம். கண்ணைத் தீட்ட முயலவேண்டா. இவ்வளவில் தொப்பியின் நிழலே கண்ணாகத் தோன்றும். வெண்புள்ளி வைத்தால் வீரர் திடுக்கிட்டு விழிப்பதுபோல் இருப்பார்.

படை உலர்ந்ததும் ஆட்டம். பெரும்பாலோர் டாங்கியை நகர்த்தவே விரும்புவர். சாப்பர்கள் மெதுவாகச் செல்பவர்கள் என்பதால் அவர்களை எவரும் விரும்பி எடுப்பதில்லை. எனவே, விதியை நாமே வகுப்போம். மேசையின் நடுவில் கண்ணிவெடி நிலம். அதனைத் தாண்டாமல் எந்த டாங்கியும் பாலத்தை அடைய முடியாது. சாப்பர் குழு ஒரு முறைக்கு ஐந்து சென்டிமீட்டர் மட்டுமே முன்னேறலாம். ஒவ்வொரு முறையும் பகடை வீசுக. ஒன்று விழுந்தால் கருவிக்குத் தெரியாத மரக் கண்ணிவெடி அங்கே இருக்கிறது. படுத்திருப்பவர் அதனை அகற்றும்வரை குழு நிற்க வேண்டும்.

சுபேதாருக்குத் தனி விதி ஏதேனும் வேண்டுமா? அவர் செய்த செயலுக்கு எந்தப் பகடை எண்ணைக் குறிப்பது? அதற்கு எண் குறிக்கக் கூடாது என்பதே என் கருத்து. அவர் குழுவுடன் நிற்கட்டும். மற்றவர்களைப் போலவே முறைக்கு ஐந்து சென்டிமீட்டர் நகரட்டும்.

வெள்ளை நாடாவுக்குத் தனியே எதுவும் செய்யவேண்டியதில்லை. எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில், தையல் பெட்டியில் உள்ள வெள்ளை நூலே நாடாவின் அகலத்துக்குச் சரியாக இருக்கும். குழு நகர நகர அதன் பின்னே இருபுறமும் நூலை விரித்துக்கொண்டே வருக. இரு நூல்களுக்கும் இடையே உள்ள வழியில்தான் டாங்கிகள் பாலத்தை நோக்கிச் செல்ல வேண்டும்.