வானலை யாருடைய சொத்து?

ஓமானின் தலைநகரான மஸ்கற்றில் ரூவி என்பது உழைப்பாளரின் கடைத்தெரு. வெள்ளிக்கிழமை மாலையானால் பணமாற்று நிலையங்களின் முன்னே தமிழும் மலையாளமும் வங்காளமும் சிங்களமும் கலந்தொலிக்கும். வடக்கு, கிழக்கு, மலையகம் என எமது மண்ணின் பல திக்குகளிலிருந்தும் சென்ற உறவுகள் வளைகுடாவெங்கும் உள்ளனர். ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு அடுத்தபடியாக அவர்கள் எண்ணிப் பார்ப்பது வீட்டாருடன் பேசும் நிமிடங்களையே.

அந்த நிமிடத்தின் விலையை நிர்ணயிப்பது சட்டம். குரலைச் சுமந்து செல்லும் வானலைகள் அளவுக்குட்பட்ட வளம். ஒரே இடத்தில் ஒரே அலைவரிசையை இருவர் பயன்படுத்தினால் இருவர் குரலும் குழம்பும். ஆதலால் அரசுகள் அலைக்கற்றையைக் கூறிட்டு உரிமம் வழங்குகின்றன. ஓமானில் 30/2002 ஆம் இலக்க அரச ஆணையும், அமீரகத்தில் 2003 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டமும் இவ்வதிகாரத்தை ஒழுங்குபடுத்தும் ஆணையங்களிடம் ஒப்படைத்தன. உரிமமின்றி இணையவழிக் குரலழைப்புச் சேவை நடத்தலாகாது என்ற விதியால் வாட்ஸ்அப், ஸ்கைப் அழைப்புகள் இவ்விரு நாடுகளிலும் பல்லாண்டு தடுக்கப்பட்டன. சவூதி அரேபியாவோ 2017 செப்ரெம்பரில் இத்தகைய தடையை நீக்கியது. எனவே தடை தவிர்க்கவொண்ணாதது என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று.

மலிவான வழி அடைபடும்போது பாதுகாப்பும் உடன் பறிபோகிறது. 2019 இல் அமீரகத்தில் டோடொக் என்னும் செயலி தடையின்றி இலவசமாக இயங்கியது. பலரும் விரும்பி ஏற்றனர். அவ்வாண்டு டிசெம்பரில், அது அமீரக அரசின் உளவுக் கருவி என நியூயோர்க் ரைம்ஸ் எழுதியது. நிறுவனம் அதனை மறுத்தது. மறைவழியை நாடுவோருக்கும் ஆபத்துண்டு: குற்றம் புரியவோ மறைக்கவோ இணைய முகவரியை மறைப்போருக்கு 2021 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டம் 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை தண்டம் விதிக்கிறது. புகலிடக் கோரிக்கையாளரான எமக்கு இது அயலார் பிரச்சினையன்று. ஊரில் யார் தேடி வந்தனர், யார் விசாரித்தனர் என்று நாம் கேட்டறியும் அழைப்பு ஒட்டுக்கேட்கப்படின், ஆபத்து மறுமுனையில் இருப்பவருக்கே.

தாயகத்து அரசும் இதில் குற்றமற்றதன்று. இலங்கையின் 2004 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நிதிச் சட்டம், வெளிநாட்டு அழைப்புகளைக் கையாளும் நிறுவனங்கள் மீது வரி விதித்தது. 2018 மார்ச், 2019 ஏப்பிரல், 2022 ஏப்பிரல் ஆகிய நெருக்கடிகளில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. பிள்ளை உயிரோடிருக்கிறதா என்று அறியத் துடிக்கும் வேளையிலேயே வழி அடைக்கப்படுகிறது.

1995 இல் இந்திய உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுச் சொத்து எனத் தீர்ப்பளித்தது. 2023 இன் இறுதியில் உலக நாடுகள் அலைக்கற்றையைப் பங்கிடும் மாநாட்டுக்காகக் கூடியதும் துபாயிலேயே. அத்தகைய அவைகளில் அரசுகளும் நிறுவனங்களும் பேசுகின்றன. வீட்டுப் பணிப்பெண்ணின் சார்பில் பேசுவார் அரிது.

ஆகவே மூன்றினை நாம் கோருவோம். தொழிலாளரை அனுப்பும் ஒப்பந்தங்களில், தொலைபேசியைத் தம்வசம் வைத்திருக்கவும் வீட்டாருடன் பேசவும் உள்ள உரிமை எழுதப்படல் வேண்டும். அலைக்கற்றை உரிமம் பெறும் நிறுவனம் குறைந்த ஊதியத்தாருக்கு மலிவுக் கட்டணம் வழங்கக் கடப்பாடுடையதாதல் வேண்டும். நீதிமன்ற அனுமதியின்றித் தொடர்பைத் துண்டிக்கவோ ஒட்டுக்கேட்கவோ கூடாது. புலம்பெயர் நாடுகளில் வாக்குரிமை பெற்றுவிட்ட எம்மவர், தத்தம் பிரதிநிதிகளிடம் இவற்றை எடுத்துரைத்தல் கடன். ரூவியில் நிற்பவருக்கு அவ்வாக்குரிமை இல்லை.