அட்டைகளில் விரியும் நாவல்

நாவலைத் திட்டமிட உதவும் மென்பொருள் என்றதும், கதையை அதுவே யோசித்துத் தந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கீத் பிளவுண்ட் உருவாக்கி 2007இல் மேக் கணினிக்கு வெளியான ஸ்கிரிவனர் ஒரு வரிகூட யோசிப்பதில்லை. நாவலை ஒரே நீண்ட கோப்பாக வைக்காமல் காட்சி காட்சியாகப் பிரித்து வைக்கிறது, அவ்வளவுதான். இடப்பக்கம் அத்தியாயப் பட்டியல். நடுவே ஒரு பலகை, அதில் காட்சிக்கு ஓர் அட்டை, அட்டையில் இரண்டு வரிச் சுருக்கம். அட்டையை இழுத்து வேறிடத்தில் வைத்தால் அந்தக் காட்சியின் பக்கங்கள் எல்லாம் கூடவே நகரும். திருத்துமுன் பழைய வடிவத்தைச் சேமித்துவைக்கலாம். கடைசியில் எல்லாவற்றையும் கோத்து ஒரே பிரதியாக எடுக்கலாம். எழுதியதை முழுதாகக் கண்முன் விரித்துக் காட்டுவதுதான் இதன் உண்மையான பயன்.

எல்லா நாவலுக்கும் இது வேண்டியதில்லை. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) ஒரு குடும்பத்தின் சொத்துத் தகராறைச் சொல்லும் சிறிய நாவல். அந்த அளவை எழுதுபவரின் மனமே தாங்கும். எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' வேறு வகை. திருப்பூர் பனியன் தொழிலோடு ஐந்து நண்பர்களின் வாழ்வைச் சொல்வது. அப்படியொன்றை எழுத முனைபவர் ஆளுக்கொரு நிறம் கொடுத்து அட்டைகளைப் பரப்பினால், ஒரு நிறம் நெடுநேரம் தலைகாட்டவில்லை என்பது பார்த்தவுடன் தெரியும். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நாயகன் காளியின் முடிவைத் திறந்தே விட்டது. 2014இல் வந்த 'ஆலவாயன்' அவன் இறந்துவிட்டதாகவும், 'அர்த்தநாரி' உயிரோடிருப்பதாகவும் கொண்டு கதையைத் தொடர்ந்தன. இப்படி ஒரே இடத்திலிருந்து இரண்டாகப் பிரியும் கதையில், ஒரு கிளையில் நடந்தது மற்றதில் கசிந்துவிடாமல் காப்பது கடினமான வேலை. இரண்டு வரிசை அட்டைகள் அந்தச் சுமையைக் குறைக்கும். எந்தக் கிளையை எழுதுவது என்ற முடிவு மட்டும் எழுத்தாளருடையது.

திட்டம் போட்டால் கதையின் உயிர் போய்விடும் என்பார்கள். ஆனால் நாவலாசிரியர் நபகோவ் தம் பிற்கால நாவல்களைக் காகித அட்டைகளில்தான் எழுதினார். அவர் முடிக்காமல் விட்ட கடைசி நாவல் 138 அட்டைகளாகக் கிடைத்து 2009இல் அச்சானது. அவர் எழுத்தை உயிரற்றது என்று சொல்லிவிட முடியாது. பாத்திரக் குறிப்புகளை நிரப்புவதிலேயே மாதங்கள் கழிந்துவிடும் என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது, அது நியாயமும்கூட. முதல் வரைவை மனம்போல எழுதிவிட்டு, பிறகு அதை அட்டைகளாகப் பிரிப்பதே நல்லது.

தமிழில் எழுதுவோருக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஸ்கிரிவனரில் தட்டச்சு செய்யத் தடையில்லை. தேடலில்தான் இடறும். "காடு" என்று தேடினால் "காட்டுக்குப் போனான்" அகப்படாது. "தோட்டம்" என்று தேடினால் "தோட்டத்துல" தப்பிவிடும். மானாவாரிக் காடும் கிணற்றுத் தோட்டமும் பக்கத்துக்குப் பக்கம் வரும் கொங்கு நாவலில் இது பெரிய இடைஞ்சல். "தோட்ட" என்று பாதியில் நிறுத்தித் தேடலாம். "காடு" "காட்டு" என்று மாறிவிடுவதால் அதற்கு அந்த வழியும் அவ்வளவாக உதவாது. ஆகவே ஒவ்வொரு அட்டையிலும் காட்சி நடக்கும் இடத்தை வேற்றுமை உருபு சேர்க்காத குறிச்சொல்லாக எழுதிவைத்து, அதைக்கொண்டே தேட வேண்டும்.