எழுத்து மாறாமல் மாறும் பயிர்

கணியம்பாடி பக்கம் மானாவாரியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர்களுக்கு வேளாண் துறை ஒரு யோசனை சொல்வதுண்டு. லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் குளோரைடு கரைத்த தண்ணீரில் விதைப் பருப்பை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள் என்று. விதையைக் கடினப்படுத்துவது என்பார்கள். அந்தச் செடி வறட்சியைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அதன் மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது.

எழுத்து மாறாமலே செடியின் குணம் மாற இன்னொரு வழியும் உண்டு. எந்த மரபணு வேலை செய்யணும், எது அடங்கிக் கிடக்கணும் என்பதில் டி.என்.ஏ. மீது ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற வேதிக்குறிக்கும் பங்கு உண்டு. இதை ஆராயும் துறைதான் எபிஜெனிடிக்ஸ். வெயிலும் உப்பும் வறட்சியும் இந்தக் குறிகளை மாற்றும். பெரும்பாலான மாற்றம் அந்தச் செடியோடு சரி. சிலது மட்டும் விதை வழியே இறங்கும். ஜப்பானில் மெத்தில் குறியை நீக்கிய ஒரு நெல், பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்கியது. அடுத்தடுத்த தலைமுறைகளும் தாங்கின. 2007இல் வெளியான ஆய்வு இது.

குறி உதிர்ந்தால் நன்மைதான் என்றும் நினைத்துவிடாதீர்கள். மலேசியாவில் திசு வளர்ப்பில் உருவாக்கிய எண்ணெய்ப் பனைகளில் சில, வருடக்கணக்கில் வளர்த்த பிறகு கோணல் காய் காய்த்தன, எண்ணெயும் குறைவு. 'கர்மா' என்ற டி.என்.ஏ. துண்டில் மெத்தில் குறி உதிர்ந்ததே காரணம் என்று 2015இல் மலேசிய பாமாயில் வாரிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கன்றாக இருக்கும்போதே இலையைச் சோதித்து, கோணல் காய்க்கக்கூடியதை நடுவதற்கு முன்பே கழித்துவிட இதனால் வழி பிறந்தது.