அவர் சமணர்தானா என்று கேட்பது யார்?

காஞ்சிபுரத்தில் வேகவதி ஆற்றைத் தாண்டினால் திருப்பருத்திக்குன்றம். பட்டுக்குப் பெயர்போன நகரத்தின் ஓரத்தில் பருத்தியின் பெயரைத் தாங்கி நிற்கும் சிற்றூர். சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். விஜயநகர அரசின் அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர் 1387-88இல் கட்டிய சங்கீத மண்டபத்தில் நின்று கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"டேய், கிருஷ்ணர்டா! அப்ப இது நம்ம சாமி கோயில்தான்" என்றான் ஒருவன்.

"கிருஷ்ணர் நேமிநாதருக்குச் சொந்தக்காரர். இது எங்க கோயில்" என்றான் பக்கத்தில் நின்றவன்.

"நீ என்ன சேட்டா?"

"இல்ல. நாங்க நயினார். ஜைனம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "வருஷா வருஷம் தீபாவளிக்குப் புதுச்சட்டை போட்டுக்கிட்டு வர்றியே, அப்புறம் என்னடா ஜைனம்?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அவன் சொன்னது அத்தனையும் சரி என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சமண மரபில் 22ஆம் தீர்த்தங்கரரான நேமிநாதருக்குக் கிருஷ்ணர் நெருங்கிய உறவினர். அதனால்தான் ரிஷபர், வர்த்தமானர், நேமிநாதர் ஆகியோரின் வரலாற்றோடு கிருஷ்ணரின் கதையும் அந்தக் கூரையில் தீட்டப்பட்டிருக்கிறது. தீபாவளியோ மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். நயினார் என்றழைக்கப்படும் தமிழ்ச் சமணர்கள் வடக்கிலிருந்து வணிகத்துக்காக வந்தவர்கள் அல்லர். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் வட்டாரங்களில் பல நூற்றாண்டுகளாக வாழும் தமிழர்கள். நாம் வகுப்பில் இலக்கணம் நடத்தத் துணைநிற்கும் நன்னூலை எழுதிய பவணந்தியும் சமணரே. இவ்வளவையும் தெரிந்துகொள்ளாமல் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனின் சமயத்தை நாற்பது பேர் முன்னால் சோதித்துவிட்டேன்.

அறியாமை ஒரு பிழை, படித்தால் தீர்ந்துவிடும். என்னை அதற்குமேல் உறுத்தியது வேறொன்று. எல்லாம் தெரிந்திருந்தாலும், "நீ உண்மையிலேயே ஜைனமா?" என்று அவனைக் கேட்க எனக்கு என்ன உரிமை?

வெளி அடையாளங்களை வைத்து உள்ளத்தை அளப்பது எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்குச் செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணரிடையே வழங்கும் ஒரு மரபுச் செய்தி போதும். 15ஆம் நூற்றாண்டில் செஞ்சியை ஆண்ட ஒருவனின் கொடுமைக்கு அஞ்சிச் சமணர் பலர் பூணூலைக் கழற்றிவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டார்களாம். ஆபத்து நீங்கியபின் சிலர் பழைய சமயத்துக்குத் திரும்பினார்கள். சிலர் நீறு பூசியவர்களாகவே தொடர்ந்தார்கள். முதல் நாள் உயிருக்குப் பயந்து பூசிய நீறு பொய் என்றே வைத்துக்கொள்வோம். அவர் பேரன் பக்தியோடு பூசிய நீறு? எந்த நாளில் எந்தத் தலைமுறையில் அது மெய்யானது என்று யாரால் சொல்ல முடியும்? மாறியவர் முன்பு நடித்தார் என்றும் கொள்ள முடியாது. திருநாவுக்கரசர் தருமசேனராக இருந்தபோது சமண நூல்களைக் கற்றுத் தலைமை பெற்றிருந்தார் என்றுதான் பெரியபுராணமும் சொல்கிறது.

அரசர்களுக்கும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. சமணருக்கும் வைணவருக்கும் மூண்ட வழக்கொன்றை 1368இல் விஜயநகர மன்னர் புக்கர் தீர்த்துவைத்ததைச் சிரவணபெளகொளக் கல்வெட்டு கூறுகிறது. திருவரங்கம், திருமலை, காஞ்சி, மேல்கோட்டை ஆகிய ஊர்களின் வைணவப் பெரியோர் அவையில் இருந்தார்கள். மன்னர் சமணரின் கையைப் பிடித்து வைணவரின் கையில் கொடுத்து, பஞ்சமகா வாத்தியமும் கலசமும் சமணருக்கும் உரியவை என்று அறிவித்தார். எவருடைய பக்தி உண்மை என்ற விசாரணைக்குள் அவர் போகவில்லை. யாருக்கு என்ன உரிமை என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

இன்றைய நீதிமன்றங்கள் சில வேளைகளில் அந்த விசாரணைக்குள் போக வேண்டியிருக்கிறது. ஆசிரியர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய வழக்கு, 1986 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த கேரளப் பள்ளி வழக்கு. யெகோவாவின் சாட்சிகள் என்ற சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் காலை வணக்கக் கூட்டத்தில் தேசிய கீதத்துக்கு மரியாதையோடு எழுந்து நிற்பார்கள். ஆனால் பாட மாட்டார்கள். 1985 ஜூலையில் அவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். நீதிமன்றம் அந்த நம்பிக்கை நமக்குச் சரியாகப் படுகிறதா என்று பார்க்கவில்லை. அவர்கள் அதை மனமாரக் கொண்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தது. அதற்கும் மனதைத் தோண்டவில்லை. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் நின்றார்கள், அவர்களுக்கு முன் படித்த அக்காக்களும் அப்படித்தான் நின்றார்கள் என்ற நடத்தையே சான்றாகப் போதுமானதாக இருந்தது. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பலாம் என்று தீர்ப்பானது.

எதிர்த்திசையில் ஒரு தீர்ப்பு 2024 நவம்பர் 26 அன்று வந்தது. இந்துத் தந்தைக்கும் கிறித்தவத் தாய்க்கும் பிறந்து, குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவர், தாம் இந்துவாகவே வாழ்வதாகக் கூறிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். அவர் தேவாலயத்துக்குத் தவறாமல் செல்கிறார், இந்து சமயத்துக்குத் திரும்பியதற்குச் சான்று இல்லை, நம்பிக்கை இல்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் சமயம் மாறுவதை ஏற்க முடியாது என்று உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கும், பின்னர் சேர்க்கப்பட்ட சீக்கியர், பௌத்தர்களுக்கும் மட்டுமே உண்டு. எனவே அங்கே யாராவது ஒருவர் விசாரித்தே ஆக வேண்டும். ஒருவருக்குத் தவறாகப் போகும் இடம் இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகும் இடம். ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற இந்துக்களையும் நாகூர் தர்காவில் நேர்த்திக்கடன் செலுத்துகிற இந்துக்களையும் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒருவர் எங்கே போய்க் கும்பிடுகிறார் என்பது அவர் யார் என்பதற்கு முழு விடையாகத் தோன்றுவதில்லை. எப்படியானாலும், அந்த விசாரணைக்கு வருவாய்த்துறை அலுவலர் இருக்கிறார், ஆவணங்கள் இருக்கின்றன, மேல்முறையீடு இருக்கிறது. வகுப்பாசிரியரின் மேசையில் இவை எதுவும் இல்லை.

நம் மேசைக்கு வருவது ஒரு படிவமும் அதில் ஒரு கட்டமும்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணிக்குச் சென்ற ஆசிரியர்கள் பயிற்சியில் கேட்டது நினைவிருக்கும்: சமயம் என்ற கேள்விக்கு அவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், வாதிடக் கூடாது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சமணர் சுமார் 89 ஆயிரம் பேர் என்று வந்த எண்ணிக்கை அப்படி எழுதப்பட்டதே. மார்வாடிக் கடைக்காரரும் நயினார் விவசாயியும் அதில் ஒரே கணக்கு.

பள்ளிச் சேர்க்கையிலும் இதுவே முறை. சொல்லப் போனால் இங்கே பெற்றோருக்கு இன்னும் ஒரு படி கூடுதல் உரிமை உண்டு. சாதி, சமயம் குறிப்பிட விரும்பாதவர்கள் அந்தக் கட்டங்களை வெறுமையாக விடலாம் என்று 1973 ஜூலை 2ஆம் நாளிட்ட அரசாணையே இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும், "ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா, காலியா விட முடியாது" என்று கேட்கும் குரல் சில அலுவலக அறைகளில் கேட்கத்தான் செய்கிறது.

படிவத்தைவிடச் சிக்கலானது சாப்பாட்டு வரிசை. சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தருகிறோம். நான் சொன்ன அந்தப் பையன் எப்போதும் பழம் வாங்குவான். ஒருநாள் நண்பர்களோடு சேர்ந்து தட்டை முட்டைக்கு நீட்டினான். "நேத்து வரைக்கும் பழம், இன்னிக்கு முட்டையா? நீ என்ன சாமிடா?" என்று ஆயா கேலியாகக் கேட்க, வரிசையே திரும்பிப் பார்த்தது. நம்புகிற ஒன்றைக் கடைப்பிடிக்கத் தவறுவது நம்பிக்கையே இல்லை என்பதாகிவிடுமா? விரதத்தை முறித்த இந்துவையோ, நோன்பு நாளில் பசி தாங்காமல் தண்ணீர் குடித்த இசுலாமியச் சிறுவனையோ நாம் சமயத்தைவிட்டு நீக்குவதில்லை. அவன் முட்டை சாப்பிட்டது அவனுக்கும் அவன் வீட்டுக்கும் இடையிலான விஷயம். அதை வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சக ஆசிரியர்களில் சிலர் இதை ஏற்கவில்லை. பெற்றோர் பழம் என்று சொல்லியிருக்கும்போது முட்டை கொடுப்பது சரியா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கொடுப்பது யார் பொறுப்பு என்று அதைப் பேசலாம். அவன் உண்மையான ஜைனமா என்று பேசத் தேவையில்லை.

அன்று ஆயாவிடம் மெதுவாகச் சொன்னேன்: "அம்மா, என்ன வேணும்னு மட்டும் கேளுங்க, போதும்." மறுநாள் அவன் தட்டோடு வந்தபோது அவர், "முட்டையா, பழமா?" என்றார். "பழம்" என்றான். கொடுத்துவிட்டு அடுத்த தட்டைப் பார்த்தார்.